தொட்டிலிலிருந்து வாசல்வரை ஒரு நூல்

பெருமதிப்பிற்குரிய அண்ணனும் நீர்க்குகை மீட்புக் குழுவின் தலைவருமான தங்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் மாப்பிள்ளை, கைக்குழந்தை மூவரும் சுகம். அங்கு அண்ணியின் நலத்தையும் நான் முங்கும்போது முதுகில் சுமக்கும் காற்று உருளைகளின் நலத்தையும் அறிய ஆவல். உருளைகளை விசாரித்தது பழக்கதோஷம்; இனி அவை எனக்கு வேண்டாம். புதுக் குகையைத் துருவிப் பார்க்க வருகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். வரவில்லை. இதையே என் ராஜினாமாவாகவும் ஏற்றுக்கொள்ளவும்.

போன வாரம் மாணவர்களோடு பழைய குகைக்குள் முங்கினேன் அல்லவா? விளக்கை அணைத்துப் பழக்கும் பாடம். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. பாறை தூங்குகிறது, தண்ணீர் தூங்குகிறது, எனக்கு உடம்பு இருக்கிறதா என்றே தெரியாமல் மிதக்கிறேன். எவ்வளவு சுகம்! அப்போது குழந்தை அழுகிற சத்தம். பதறி விளக்கைப் போட்டால், என் மூச்சுக்குமிழிகள்தான் கூரையில் முட்டி முனகிக்கொண்டிருந்தன. வகுப்பையே பாதியில் திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன். இப்படிப்பட்டவளை நம்பி யார் உயிரை ஒப்படைப்பது?

சரி, வீட்டோடு கிடப்போம் என்று பார்த்தால் வீட்டையும் குகையாக்கிவிட்டேன். கரண்ட் போனால் பால்புட்டியைத் தேடித் தடுமாறக்கூடாதே என்று, குகையில் வழிக்கு நூல் கட்டுகிற மாதிரியே தொட்டிலிலிருந்து சமையலறை வழியாக வாசல்வரை நூல் கட்டி, இருட்டில் தடவித் திசை அறிகிற அம்புகளையும் அதில் மாட்டினேன். உங்க மாப்பிள்ளை வாயில்லாப் பூச்சி. "இதுல துணி காயப்போடலாமா?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. நேற்று இருட்டினதும் கரண்ட் போச்சு. குழந்தை பாலுக்கு வீல் வீலென்று கத்துது. நான் மாடியில். "பதறாதீங்க, நூலைப் பிடிச்சுக்கிட்டு அம்பு காட்டுற பக்கம் போங்க!"ன்னு குரல் கொடுத்தேன். மனுஷன் குழந்தையைத் தோளில் போட்டுக்கிட்டுப் போனார், போனார், போய்க்கிட்டே இருந்தார். இறங்கி வந்து பார்த்தா சமையலறையில ஆளே இல்லை. தெருவில நிக்கிறார்! எதிர்வீட்டு டெய்லர், "என்ன சார், வீட்டுல துரத்திட்டாங்களா?"ன்னு விசாரிக்கிறார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அம்பு எப்போதும் வெளியேறும் வழியைத்தான் காட்டணும்னு நீங்க தலையில குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம்! கைப்பழக்கத்தில் அத்தனை அம்பையும் வாசலைப் பார்த்தே மாட்டியிருக்கேன்.

பால்புட்டிக்கு வழிகாட்டத் தெரியாதவள் மலைக்கடியில் யாருக்கு வழிகாட்டப் போகிறேன்? ஆகவே என்னை மறந்துவிடுங்கள். அண்ணிக்கு என் அன்பு. குழந்தைக்கு உங்கள் ஆசி மட்டும் போதும். குட்டி நீச்சல் கண்ணாடியெல்லாம் அனுப்ப வேண்டாம்.

தங்கள் அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்க மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "குகைக்குள்ள மாட்டுற அம்பு எந்தப் பக்கம் காட்டும்?" என்றார்.

"வெளியே."

"வெளியேன்னா?"

யோசித்தேன். வெளியே என்றால் கரை. கரைக்கு அப்பால் பஸ், நம் தெரு, டெய்லர் கடை, வாசல், தொட்டில்.

"அப்போ அங்க இருக்கிற அம்பெல்லாம் எங்களைத்தானே காட்டுது? போயிட்டு வா" என்றது வாயில்லாப் பூச்சி.

உருளைகளை நிரப்பி வையுங்கள், அண்ணா. என் நூலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அதில் குழந்தையின் துணி காய்கிறது.