உளுவை மீன் போய்ச் சேர்ந்த இடம்

மரியாதைக்குரிய சம்பந்தி நாசர் அவர்களுக்கு, பத்தமடையிலிருந்து ஷேக் மைதீன் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரி மஹ்மூதா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம்.

மீன் கிடைத்ததா, மகள் சாப்பிட்டாளா என்று போனில் கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது பொய். எனக்கு எழுத்து தெரியாது என்றாலும் உண்மை கடிதத்தில் போவதுதான் மரியாதை.

மசக்கையில் ஷம்ஸியாவுக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. உப்பங்கழி உளுவை என்றால் சாப்பிடுவேன் என்றாள். நீங்களும் உயிரோடு வாளியில் போட்டு, ஆள் கையில் அனுப்பினீர்கள். இதையும் சாப்பிடாவிட்டால் வெள்ளிக்கிழமை வந்து அவளை அழைத்துப் போய்விடுவேன் என்றும் சொல்லி அனுப்பினீர்கள். மூன்றாம் மாசமே மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினால், சோறு போட வக்கில்லை என்று ஊர் பேசும். சவூதியில் தம்மாமில் இருக்கும் என் மகனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பஸ் ஸ்டாண்டில் அந்த ஆளிடம் வாங்கிக்கொண்டு நான் வாளியோடு வருகிற வழியில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். வெயிலில் தண்ணீர் கொதிக்கிறது, மீனெல்லாம் வாயைப் பிளக்குது. பாவம், தொழுது முடிக்கும்வரை இருக்கட்டுமே என்று பள்ளிவாசலில் கைகால் கழுவி ஒளு செய்கிற ஹவுல் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஒன்றையும் காணோம். கெண்டை என்றால் பொரியைப் போட்டால் மேலே வரும். இது வரவில்லை. திருடிவிட்டார்கள் என்று நான் சத்தம் போட, பள்ளிப் பொறுப்பைப் பார்க்கிற முத்தவல்லி வந்துவிட்டார். இறங்கிக் காலை வைத்தேன். ஒரு கல் நகர்ந்தது. அது கல் இல்லை. அத்தனையும் அடியில் பாசியோடு பாசியாகப் படுத்துக் கிடந்திருக்கிறது.

பிடிக்கக் குனிந்தேன். முத்தவல்லி தடுத்துவிட்டார். "ஹவுலுக்குள்ள விட்டது பள்ளிக்குத்தான். தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல உள்ள வந்த விறாலை உம்ம மச்சான் பிடிச்சப்போ, ஜமாஅத்துல குத்தவாளியா நிப்பாட்டுனது நீருதான வே?" என்றார். வாஸ்தவம். மச்சான் மீனைப் பிடித்த கை இன்னதென்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இடது கை.

காலி வாளியோடு ஹவுல் ஓரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் வந்த நாள்முதல் ஒதுங்கியே இருக்கிறாள், கூப்பிட்டாலும் முன்னால் வரமாட்டாள், நம்மோடு ஒட்டவில்லை என்று நானே பலபேரிடம் குறைப்பட்டிருக்கிறேன். புதுத் தண்ணீரில் விட்டால் ஒரு உயிர் முதலில் அடியைத்தானே பார்க்கும், இது ஏன் எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை என்று யோசித்தேன்.

பிறகு கடைத்தெருவில் சின்ன ஜிலேபிக் கெண்டையாக வாங்கி, அடையாளம் தெரியாதபடி தலையை எடுத்துவிட்டுக் குழம்பு வைக்கச் சொன்னேன். குழம்பைப் பார்த்ததும், "வாப்பா அனுப்புனதா மாமா?" என்றாள். ஆமாம்மா என்று சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டாள், வயிற்றிலும் தங்கியது. அன்று முதல் ரசஞ்சோறும் இறங்குகிறது. ஆகவே வெள்ளிக்கிழமை வர வேண்டாம். இனி மீனும் அனுப்ப வேண்டாம். இந்த விஷயம் அவள் காதுக்குப் போகவே கூடாது.

உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
ஷேக் மைதீன்

பின்குறிப்பு: இது அவர் சொல்லாதது, மஹ்மூதா பீவி நானாக எழுதுவது. முதல் கவளத்திலேயே ஷம்ஸியாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் அடுக்களைக்கு வந்து, "மாமி, இது கெண்டை. மாமா கதவுக்குப் பின்னால மூச்சைப் பிடிச்சிட்டு நிக்காங்க, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றாள். அண்ணன் நீங்கள் அவசியம் வெள்ளிக்கிழமை வரவேண்டும், உளுவையோடு. அவளை அழைத்துப்போக அல்ல. கேட்டதற்கு அவள் சொன்னது இது: "ஏழாம் மாசம் வந்து கூப்பிடச் சொல்லுங்க. மாமா நெசமான உளுவையைத் தின்னதே இல்ல, நான் ஆக்கிக் குடுக்கணும்."