வெர்னரின் உருண்டையும் புரட்டாசிச் சனியும்

விரதம் பிடிக்கிறவனை விருந்துக்குக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் அவன் போகக் கூடாது. இரண்டாவது விஷயம் எனக்கு விளங்கியது தொண்ணூறுகளில், ரொறன்ரோ ஹோட்டல் ஒன்றின் கார்த் தரிப்பிடத்தில் கோட் சூட்டோடு நின்றபோதுதான்.

அப்போது நான் ஸ்காபரோவில் அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். முதலாளி வெர்னர் ஜெர்மன்காரர். பகல் ஷிப்டுக்கு ஒரு சூப்பர்வைசர் தேவைப்பட்டது. "சனி மத்தியானம் மனைவியோடு வா, சாப்பிட்டுக்கொண்டு கதைப்போம்" என்றார். பகல் வேலை கிடைத்தால் பின்னேரப் பூசைக்குப் போகலாம். பிள்ளைகள் விழித்திருக்கும்போது முகம் பார்க்கலாம். தலையை ஆட்டிவிட்டேன். (அது புரட்டாசிச் சனி என்று வீட்டில் மனைவி சொன்ன பிறகுதான் தெரியும்.)

சனி விரதம் என்றால், காகத்துக்குச் சோறு வைத்து, அது சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் வாயில் வைப்போம். காலையில் பல்கனியில் வைத்தோம். வந்தவை புறாக்கள்.

"புறா கணக்கில்லை," என்றாள் மனைவி. "வழியில எங்கையாவது காகம் நிக்கும், வாங்கோ."

நிற்கவில்லை.

ஏரிக்கரை ஹோட்டலில் அந்த மாதம் வெர்னர் பிறந்த பக்கத்துச் சமையலாம். எனக்காகச் சமையற்காரரிடம் முதலே சொல்லி, இறைச்சி, முட்டை படாமல் உருளைக்கிழங்கு உருண்டையும் சிவப்பு முட்டைக்கோவாவும் செய்வித்திருந்தார். உருண்டை ஒவ்வொன்றும் பாதித் தேங்காய் அளவு.

"என் அம்மா செய்வது போலவே. சாப்பிடு."

முள்ளுக்கரண்டியை எடுத்தேன், வைத்தேன். தண்ணீர் குடித்தேன். வானத்தைப் பார்த்தேன். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினேன். மறுபடி வானம். மனைவி மேசைக்குக் கீழே கிள்ளினாள்.

"இஞ்சாருங்கோ, காகம்!"

"எங்கை?"

"அது இன்னும் சாப்பிடேல்லை எண்டு சொல்லுறன்."

பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் திரட்டி, சுவரில் இருந்த படத்தைக் காட்டி வெர்னரிடம் ஏதோ கேட்டாள். அந்த இடைவெளியில் நான் ஓர் உருண்டையைக் கைதுடைக்கும் துணியில் சுற்றிக்கொண்டு நழுவினேன்.

வெளியே நின்று "கா... கா..." என்றேன். முதலில் மெதுவாக. பிறகு தொண்டை கிழிய. சனீஸ்வரா, ஒரேயொரு காகம்!

வந்தது ஏரியிலிருந்து வெள்ளைப் பறவைகளின் ஊர்வலம். உருண்டை போயிற்று, துணி போயிற்று, ஒன்று என் தலையில் குந்தி இளைப்பாறியது. உதறிவிட்டு ஓடி நிமிர்ந்தால், எதிரே சாப்பாட்டு மண்டபத்தின் கண்ணாடிச் சுவர். உள்ளே அத்தனை பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெர்னர் வெளியே வந்தார். முகம் வாடியிருந்தது.

"என் அம்மாவின் சாப்பாடு அவ்வளவு மோசமா?"

பகல் ஷிப்டும் பறந்துவிட்டது என்றே நினைத்தேன். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "மோசமில்லை பொஸ். முதல் காகம் சாப்பிட வேணும். பிறகுதான் நான். கடவுள் விஷயம்."

வெர்னர் உள்ளே போய்த் தன் உருண்டையோடு வந்தார். அந்த ஆறடி மனிதர் என் பக்கத்தில் நின்று, "கா!" என்றார்.

திரும்பவும் அதே வெள்ளைக் கூட்டம். பின்னால் வந்த மனைவி பறவைகளின் சிறகைப் பார்த்தாள், கத்துகிற வெர்னரைப் பார்த்தாள்.

"செட்டை நுனி கறுப்புத்தானே," என்றாள். "காணும், அதுவே போதும். சாப்பிட வாங்கோ."

ஆறிப்போன உருண்டை அப்படி ருசித்தது.

திங்கட்கிழமை பகல் ஷிப்டில் ஏறினேன். அன்றிலிருந்து சாப்பாட்டு மணி அடித்தால் தொழிற்சாலையே என்னைப் பார்த்து "கா" என்னும். வெர்னர் மட்டும் சிரிக்காமல், தன் பாண் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து முதலில் வாசலில் போடுவார்.

வீட்டில்தான் இன்னும் முடியவில்லை. போன கிழமை மகள் தான் கட்டப்போகும் பெடியனைக் கூட்டிவந்தாள்.

"தம்பி சைவந்தானே?" என்றாள் மனைவி.

"வெள்ளிக்கிழமை மட்டும், அன்ரி."

மனைவியின் முகம் மாறமுதல் மகள் முந்திக்கொண்டாள்.

"செட்டை நுனி கறுப்பு, அம்மா. காணும்!"