இரண்டாவது காபரேட்டருக்கு மண்ணெண்ணெய்

காபரேட்டரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பி வாழ்ந்தவன் நான். அந்த நம்பிக்கை என் கலியாணத்தன்று காலை பத்தரை மணிக்கு, பேசாலை மாதா கோயில் வாசலில் முடிவுக்கு வந்தது.

என் திமிருக்குக் காரணம் உண்டு. சண்டைக் காலத்தில் வன்னியில் பெற்றோலைக் கண்ணாலும் காண முடியாது. எண்ணெயையும் காற்றையும் கலக்கிற அந்தக் காபரேட்டரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். அப்படி நான் ஓடவைத்த மோட்டார் சைக்கிள்கள் எத்தனையோ. மன்னாரில் மீள்குடியேறியபோது அந்தத் தலைக்கனமும் பத்திரமாகக் கூடவே வந்தது. (மற்றச் சாமான் ஒன்றும் வரவில்லை.)

ஜெனியின் அப்பா, அதாவது என் வருங்கால மாமனார், இந்திய அகதி முகாமிலிருந்து தாழ்வுபாட்டுக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பின்கொட்டிலில், கிழிந்த வலைகளுக்குக் கீழே, அவருடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் இருந்தது. இரண்டே பேர் இருக்கலாம்.

"தம்பி, எனக்கு மிஞ்சினது இதுதான். பிள்ளை கலியாணம் முடிச்சு இதிலைதான் வீட்டை வரவேணும். ஓட வைப்பியளோ?"

"இதென்ன பெரிய வேலை, மாமா! விடுங்கோ என்னட்டை."

பொனற்றைத் திறந்தால் இரண்டு காபரேட்டர்! வாழ்க்கையில் அப்போதுதான் அப்படியொன்றைப் பார்க்கிறேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் என் மரியாதை என்னாவது? அரை மணி நேரம் யோசித்தேன், விளங்கிவிட்டது. ஒன்று பெற்றோலுக்கு, மற்றது மண்ணெண்ணெய்க்கு! எங்கள் கஷ்டத்தை வெள்ளைக்காரன் அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறானே என்று புல்லரித்துப்போனது. இரண்டையும் இணைத்திருந்த குழாயைக் கழற்றி டிக்கியில் எறிந்தேன். இரண்டாவதற்குத் தனியாக மண்ணெண்ணெய்க் கான், ரப்பர் குழாய், திறந்து மூட ஒரு திருகு.

கலியாணத்துக்கு முதல் நாள் பெற்றோலில் மட்டும் ஓட்டிக் காட்டினேன். கார் இருமியது. "சூடேறினால் சரி, மாமா" என்றேன்.

பூசை முடிந்தது. படமெடுத்து முடிவதற்குள் என்ஜினும் சூடேறிவிட்டது. ஜெனி வெள்ளைச் சேலையும் முக்காடுமாகப் பக்கத்தில் ஏறினாள். மாமா கண்ணைத் துடைத்தார். நான் மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டுக் காரை எடுத்தேன். வெள்ளைப் புகை. இரண்டு குதி. பிறகு, படார்!

அந்தச் சத்தத்துக்கு எங்கள் சனம் யோசிப்பதில்லை. பட்டுச் சேலை, வேட்டி, படமெடுத்தவர், சுவாமியார் எல்லாரும் மணலில் குப்புற. ஜெனி என் கழுத்தைப் பிடித்துக் கீழே அமுக்கிவிட்டாள். ஒருவரும் அசையவில்லை. எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விடும் போலிருந்தது.

"இது உங்கட வேலையோ?" என்று காதுக்குள் கேட்டாள் ஜெனி.

"ஓம்."

சிரிக்கத் தொடங்கினாள், அடக்க முடியாமல். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சனம் ஒவ்வொருவராக எழும்பி மணலைத் தட்டியது.

மாமா பொனற்றைத் திறந்தார். கானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மூண்டாவது ஒண்டு இருந்திருந்தால் தேங்காயெண்ணெய் விட்டிருப்பியளோ, மருமகன்? ரெண்டுக்கும் பெற்றோல்தான். ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்கவேணும். இரைச்சலைக் கேட்டுத்தான் சரிபாக்கிறது. எனக்கு இப்ப காது மந்தம். அதுதான் உங்களை நம்பினனான்."

கடைசி வசனம்தான் சுட்டது.

மண்ணெண்ணெயை வெளியே கொட்டிவிட்டு, டிக்கியில் கிடந்த குழாயைத் திரும்பப் பூட்டினேன். ஆனால் வெடித்த வெடியில் என் காதும் அடைத்துப்போயிருந்தது. கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிற ஜெனி இறங்கினாள். கழற்றிப் போட்ட ரப்பர் குழாயின் ஒரு முனையை முக்காட்டுக்குள்ளே காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு காபரேட்டரின் வாயிலும் மாறி மாறிப் பிடித்தாள். நான் என்ஜினை ஓடவிட்டு, காற்றைக் கூட்டிக் குறைக்கிற திருகில் கை வைத்தேன்.

"முன்னுக்கு இருக்கிறது கூட இரையுது. குறையுங்கோ. இன்னும் கொஞ்சம்... ஐயோ, குறைஞ்சுபோச்சு! ஆ, அதிலை நிப்பாட்டுங்கோ!"

இருமல் நின்றது. தாழ்வுபாடு வரை கார் ஒரு தரம்கூடத் தும்மவில்லை. மாமா பின்னால் வான் வண்டியிலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். ஜெனியின் காது மட்டும் ஒரு கிழமை மண்ணெண்ணெய் மணத்தது.

இப்போது எனக்குச் சொந்தமாகக் கராஜ் இருக்கிறது. வீட்டில் இரண்டு கறி வைத்தால், "எது மண்ணெண்ணெய், அப்பா?" என்கிறார்கள் பிள்ளைகள். அதைக்கூடத் தாங்கலாம். வண்டியோடு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா நிக்கிறாவோ?" என்கிறார்கள்.

"இல்லை, நான் நிக்கிறன்தானே?"

"பரவாயில்லை அண்ணை, நாளைக்கு வாறன்."