சஸ்பெண்டு மாப்பிள்ளை

என் வாழ்நாளில் கிடைத்த ஒரே நல்ல லீவை நானேதான் பாழாக்கினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது தேனியில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காக இருந்தேன். மகள் பிறந்ததும், அப்பாக்களுக்கென்று இருக்கும் பதினைந்து நாள் லீவு கிடைத்தது. முழுச் சம்பளம் வேறு. மனைவி செல்விக்கு ஆபரேஷன். நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன், அவள் தூங்கட்டும் என்று, சின்னமனூர்ப் பக்கம் இருக்கும் மாமனார் வீட்டில் பையோடு போய் இறங்கினேன். அந்த வீட்டில் நான் அப்பா இல்லை, மாப்பிள்ளை என்பது எனக்கு உறைக்கவில்லை. (படித்து என்ன பிரயோஜனம்?)

போன அன்றே பிள்ளைத் துணியை அலசப் போனேன். மாமியார் என்னிடம் நேராகப் பேச மாட்டார். மகளைப் பார்த்து, "ஆத்தா, அவுகள உக்காரச் சொல்லு. பாக்குறவுக என்ன நெனைப்பாக?" என்றார். உட்கார்ந்தேன். ஃபேன் இருந்த ஒரே அறையை எனக்குக் கொடுத்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் கூடத்தில் படுக்கவைத்தார்கள். செல்விக்குப் பத்தியச் சோறு. எனக்குத் தினமும் கறி, இல்லாவிட்டால் மீன். இரண்டு சமையலில் மாமியார் அடுப்பை விட்டு நகரவே முடியவில்லை. பிள்ளை அழுதால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு செல்விதான் எழுந்தாள். நான் போய்த் தூக்கினால் மாமியார் கரண்டியோடு ஓடிவந்து வாங்கிக்கொள்வார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏழாம் நாள் மேனேஜர் போன் செய்தார்.

"தம்பி, உங்க மாமனார் இங்க வந்திருக்காரு. ஒரு வாழைத்தாரோட."

பிள்ளை பெற்றவளுக்கு லீவு சரி, பெறாதவனுக்கு எதற்கு என்று மாமனாருக்கு நாலு நாளாகவே சந்தேகமாம். ஏதோ தப்புப் பண்ணி என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். தோட்டத்திலேயே நல்ல தாராக வெட்டி, பஸ்ஸில் ஏற்றிப் போய், அத்தனை கஸ்டமர் முன்னாலும் கைகூப்பியிருக்கிறார்.

"என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் மன்னிச்சு விடுங்கய்யா. பச்சப்பிள்ளக்காரி வீட்ல இருக்கா."

மேனேஜர் எவ்வளவோ விளக்கியும் அவர் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. மறுநாள் செல்வி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, வேலைக்குப் போயிருங்க. நீங்க போனாத்தான் அப்பாவுக்கு நிம்மதி. எனக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அழுதுகொண்டே சொன்னாள். மீதி லீவை ரத்து செய்துவிட்டுக் கிளம்பினேன். மகளின் முதல் மாதத்தில் மீதியைப் பெரும்பாலும் போனில்தான் பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இன்றைக்கும் அந்த ஊரில் நான் சஸ்பெண்டு மாப்பிள்ளைதான். எந்த விசேஷத்துக்குப் போனாலும், "திரும்ப வேலையில சேத்துக்கிட்டாகளா மாப்ள?" என்று யாராவது கேட்பார்கள். பந்தியே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். செல்வி மட்டும் சிரிப்பதில்லை.

இரண்டாவது பிரசவம் நெருங்கியபோது, மறுபடி லீவு எழுதிக் கொடுக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"லீவு வாங்குறதா இருந்தா எங்கம்மாவுக்கு வாங்கிக் குடுங்க," என்றாள்.