எக்ஸ்பிரஸின் கால்

மேட்டுத் தெருவின் பாதி ஏற்றத்தில் பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டபோது எக்ஸ்பிரஸ் முதலில் நம்பவில்லை. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தார். கார் ஒரு பெருமூச்சு விட்டதே தவிர வேகம் எடுக்கவில்லை. பேப்பர்காரர் எழுந்து நின்று பெடல் மிதித்தபடி பக்கத்தில் வந்து, ஜன்னலில் குனிந்தார்.

"என்னண்ணே, வண்டி ரிப்பேரா?"

"ரிப்பேரா? என் மருமக டியூன் பண்ண வண்டிப்பா இது. சும்மா காத்து வாங்கிட்டுப் போறேன்."

"நல்லா வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பர்காரர் முந்திக்கொண்டு போனார்.

காரில் இருந்தவர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். கை நீட்டியவர்கள் கையை மடக்குவதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும். அப்படி வந்த பெயர்தான் எக்ஸ்பிரஸ். ஓய்வு பெற்ற பிறகு பெருமைப்பட அவருக்கு மிச்சமிருந்தது மருமகள்தான். மகனைப் பற்றி யாராவது கேட்டால், "ஆபீஸ் போறான், வர்றான்" என்பார். மருமகளைப் பற்றிக் கேட்டால் நாற்காலி எடுத்துப் போடுவார்.

அவள் அண்மையில்தான் சொந்தமாகக் கார் பட்டறை திறந்திருந்தாள். கையில் ஸ்பேனரைவிட லேப்டாப்தான் அதிக நேரம் இருக்கும். முந்தின நாள் அவர் காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகிவிட்டு விளக்கினாள்.

"இந்த வண்டில ஆக்ஸிலேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கேபிள் கிடையாது மாமா. உங்க கால் கேக்கும், கம்ப்யூட்டர் குடுக்கும். எவ்வளவு குடுக்கலாம்கிறதை நான் செட் பண்ணி வைப்பேன்."

"அதாவது என் கால் மனு போடுது, நீ கையெழுத்துப் போடுற."

"அதேதான். இப்ப சின்னதா ஒண்ணு மாத்திருக்கேன். ஓட்டிப் பாத்துட்டு உண்மையைச் சொல்லணும், சரியா?"

அந்த உண்மையைத்தான் சைக்கிள் முந்திக்கொண்டு போயிருந்தது.

பட்டறைக்குத் திரும்பியபோது அங்கே இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வரிசையில் பெரிய பட்டறைக்காரர் வாசலில் நின்று காதைக் கழற்றி இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

"எப்படி இருக்கு மாமா?"

தொண்டை வரைக்கும் வந்த உண்மையை எக்ஸ்பிரஸ் அப்படியே விழுங்கினார்.

"பறக்குதும்மா."

மருமகளின் முகம் சுருங்கியது. "இன்னுமா பறக்குது?"

"ஏரோப்ளேன் தோத்துடும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். பறப்பதே போதாதாம், இன்னும் என்னவோ வேண்டுமாம் இந்தப் பெண்ணுக்கு என்று எக்ஸ்பிரஸுக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் கார் இன்னும் தளர்ந்து போயிருந்தது. பாரம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் கேன், மனைவியின் குடை எல்லாம் வீட்டுக்குள் இறங்கின.

"டயர் மேல உக்காந்துதான் நான் காய் நறுக்கணுமா?" என்றாள் மனைவி.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. மருமக மானம்."

"மருமககிட்டயே சொன்னா என்னவாம்?"

"அவ மனசு உடைஞ்சு போகும். கடை திறந்த நேரத்துல, சொந்த மாமனாரே உன் வேலை சரியில்லன்னு சொல்றதா?"

அன்று மாலை மனைவியோடு மளிகைக் கடையிலிருந்து திரும்பும்போது மேட்டுத் தெருவில் கார் முனகியது. கடைசிப் பாரத்தையும் இறக்கிப் பார்த்துவிடுவது என்று அவளை இறங்கி நடக்கச் சொன்னார். அவர் மேலே ஏறிச் சேர்ந்தபோது அவள் ஒரு வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க. அவங்க பொண்ணுக்கு வரன் அமைஞ்சிருக்காம். முழுக்கதையும் கேட்டு முடிச்சுட்டேன்."

வீட்டில் மருமகள் காத்திருந்தாள். "இன்னைக்கு எப்படி மாமா? ஒளிக்காம சொல்லுங்க."

"முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சும்மா. பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு."

மனைவிக்குப் புரையேறியது. மருமகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"உங்க காலுக்கு இதெல்லாம் பத்தாது போலிருக்கே மாமா. நாளைக்கு டாக்ஸி முதலாளி வர்றாரு. உங்க வண்டில ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டுத்தான், அவர் டாக்ஸி எல்லாத்தையும் நம்மகிட்ட விடுறதா எதிர்ப் பட்டறைல விடுறதான்னு சொல்லுவாராம்."

சொல்லிக்கொண்டே லேப்டாப்போடு காருக்குப் போனாள். அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை நிமிர்ந்துவிடும். கைநழுவினால் அதற்குக் காரணம், பறக்குது பறக்குது என்று சொல்லிக்கொண்டிருந்த எக்ஸ்பிரஸின் வாய்தான்.

டாக்ஸி முதலாளி கனத்த மனிதர். தன் பையை டிக்கியில் வைக்கப் போனவர் கேட்டார், "ஸ்டெப்னி எங்கங்க?"

"வீட்டுல ஓய்வெடுக்குதுங்க."

இருவர் மட்டும் கிளம்பினார்கள். மேட்டுத் தெரு வந்தது. எக்ஸ்பிரஸ் மிதித்தார். கார் யோசித்தது. வேகம் இல்லாத இடத்தைப் பேச்சால் நிரப்பலாம் என்று அவர் வானிலை, விலைவாசி, முழங்கால் வலி என்று தாவிக்கொண்டிருந்தார். முதலாளியின் கண்கள் அவர் வாயைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னும் அமுக்குங்க."

"இதுக்குக் கீழ ரோடுதாங்க இருக்கு."

பின்னால் மணி கேட்டது. பேப்பர்காரர் இந்தமுறை உட்கார்ந்தபடியே முந்தினார். "காத்து நல்லா வருதாண்ணே?"

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆர்டர் போய்விட்டது என்று எக்ஸ்பிரஸுக்குத் தெரிந்துவிட்டது. மேட்டின் உச்சியில் காரை ஓரமாக நிறுத்தினார். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை, யாரும் தன்னைப் பற்றிச் சொல்ல விடாததை, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதலாளி, வண்டி மேல குத்தம் இல்ல. என் மருமக வேலை தங்கம். என் காலுக்கு வயசாயிடுச்சு. முன்ன மாதிரி அழுத்தம் இல்ல. என்னை வச்சு அவளை எடை போட்டுடாதீங்க."

முதலாளி செல்போனை எடுத்தார். "அம்மா, திங்கக்கிழமைலேருந்து எல்லா வண்டியும் உங்க பட்டறைக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எக்ஸ்பிரஸ் அவர் பக்கம் திரும்பினார். "இந்த வண்டியப் பாத்த பிறகுமா?"

"பின்ன என்னங்க, என் டிரைவருங்க வேகத்தை அடக்கணும்னு நான் கேட்டப்ப, 'எங்க மாமா காலைவிட வேகமான கால் இந்த ஊர்லயே கிடையாது, முதல்ல அதை அடக்கிக் காட்டுறேன்'னு சொன்னாங்க உங்க மருமக, நீங்க பறக்குது பறக்குதுன்னு சொல்லச் சொல்ல, பாவம், தினமும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கிட்டே இருந்தாங்களாம்."