ஆயில் மூடியில் சிவப்பு நூல்

சனிக்கிழமை சாயங்காலம் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனால் அருள்வாக்கு சொல்வதைப் பார்க்கலாம். மனிதர்களுக்கு அல்ல, ஜெனரேட்டர்களுக்கு. மனிதர்கள் கைகட்டித் தள்ளி நிற்பார்கள்.

ஜெனரேட்டர்கள் மணலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பரோட்டாக் கடையிலிருந்து வந்தது, ஐஸ் கடையிலிருந்து வந்தது, வள்ளத்திலிருந்து இறக்கியது. சிலவற்றுக்குக் கதம்ப மாலை. ஒன்றுக்குப் பட்டுத் துண்டு. உடன்குடி கருப்பட்டி வியாபாரி ஒருவர் குட்டியானை லாரி பிடித்துத் தன் ஜெனரேட்டரைக் கூட்டி வந்திருந்தார். கூட்டி வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதற்கு வெயில் படாமல் குடை பிடித்திருந்தார். அவர் மனைவி பஸ்ஸில் வந்தாள்.

எல்லாருக்கும் ஒரே குறை. வண்டி, அதாவது ஜெனரேட்டர், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும். டேங்கில் பெட்ரோல் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து இழுத்துவிட்டால் ஓடும். மறுபடி நிற்கும். பெட்ரோல் இருந்தும் நிற்கிற இயந்திரத்தைப் பேய்தான் பிடித்திருக்க வேண்டும். வேறு காரணம் இருக்குமா என்று யோசிக்கலாம். ஆனால் யோசிப்பதற்குள் வரிசையில் இடம் போய்விடும்.

வரிசையின் முனையில், பந்தலுக்குள், மைக் முன்னால் கடல்கட்டி கிருபாநிதி.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்தக் கரையில் கடல்கட்டி என்று ஒரு பதவி இருந்தது. குளியாட்கள் இறங்கும் முன் அவர் மந்திரம் ஓதிச் சுறாக்களின் வாயைக் கட்டுவார். சுறா கடிக்கவில்லை என்றால் மந்திரம் பலித்தது. கடித்துவிட்டால் குளியாள் ஏதோ தப்புச் செய்திருக்கிறான். தோற்கவே முடியாத வேலை. முத்துக்குளிப்பு நின்றதும் அந்த வேலையும் போயிற்று. கிருபாநிதி தன்னை அந்தப் பரம்பரை என்று சொல்லிக்கொண்டார். அதற்கு முன்பு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் உறை விற்றார். அப்போது பரம்பரையைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

சுறாவுக்கு வாய் இருந்தது, கட்டினார்கள். ஜெனரேட்டருக்கு வாய் எது? ஆயில் ஊற்றுகிற துவாரம்தான் வாய் என்று கிருபாநிதி கண்டுபிடித்தார். அவர் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

சடங்கு இப்படி நடக்கும். ஜெனரேட்டரின் மேல் கறுப்புத் துணி விழும். கிருபாநிதி தலையைத் துணிக்குள் விடுவார். முணுமுணுப்பு கேட்கும். ‘ஏழு கடல் எண்ணெய்’ என்ற பழுப்பு நிறப் பாட்டில் உள்ளே போய் வெளியே வரும். மூடியை மூடி, அதைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டி, முடிச்சில் மெழுகு உருக்கி ஊற்றுவார். எலுமிச்சை, மெழுகுவர்த்தி, சாம்பிராணி மூன்றும் உண்டு. எந்த மதத்து ஜெனரேட்டரும் மனம் கோணக்கூடாதல்லவா.

“நூலை யாரும் அவுக்கப்பிடாது. அவுத்தா கடைய நெருப்பு கொண்டு போயிரும், வள்ளத்தைக் கடல் கொண்டு போயிரும்” என்பார் மைக்கில். வண்டியை இழுத்துவிடுவார்கள். ஓடும். கூட்டம் குலவை போடும். காணிக்கைப் பெட்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்.

சில வாரங்களில் அதே ஜெனரேட்டர் மறுபடி வரிசையில் நிற்கும். பக்தி என்றால் அதுதான்.

அந்த வரிசையில் அடிக்கடி நின்றது வேல்ராஜின் ஜெனரேட்டர். வேல்ராஜ் சங்குகுளிக்கும் வள்ளத்துக்கு முதலாளி. வள்ளத்தின் ஓரத்தில் ஜெனரேட்டர், அதிலிருந்து கம்ப்ரசருக்குக் கரண்ட், கம்ப்ரசரிலிருந்து ஒரு நீளமான டியூப். டியூபின் மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலுக்கு அடியில் மெல்வின். மேலே ஜெனரேட்டர் நின்றால் கீழே காற்று நிற்கும். பரோட்டாக் கடையில் நின்றால் இருட்டில் சாப்பிடலாம். இங்கே அப்படி இல்லை.

ஒரு நாள் மெல்வின் மூக்கில் ரத்தத்தோடு கரைக்கு வந்தான். வீட்டு வாசலில் உட்கார்ந்தான். மனைவி அனுசியா மூக்கைத் துடைத்துவிட்டாள்.

“மறுபடி நின்னுச்சா?”

“நின்னுச்சு. டியூப உறிஞ்சுதேன், ஒண்ணும் வரல. எப்படி மேல வந்தேன்னு தெரியல.”

“வேல்ராஜ் அண்ணாச்சி மெக்கானிக்கக் கூப்புடல?”

“மெக்கானிக்கு எதுக்கு, கடல்கட்டி ஐயா கட்டியிருக்காருல்லன்னு சொல்லுதாரு. நான் போவலன்னா எடத்துக்கு வேற ஆள் போட்டுருவாரு ஏளா.”

அடுத்த சனிக்கிழமை கிருபாநிதி கண்ணை மூடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். “கட்டுல குத்தம் இல்ல. குளியாள் கடல்ல கெடக்கையில வீட்டுல எண்ணெய்ச் சட்டி ஏறுது. இங்கன மீன் பொரிஞ்சா அங்கன மூச்சு நிக்கும்.”

கூட்டம் திரும்பி அனுசியாவைப் பார்த்தது. “புருசன் கடல்ல கெடக்கான், இவளுக்கு மீன் வறுவல் கேக்குதாம்” என்றாள் ஒருத்தி. அப்படிச் சொன்னவள் வீட்டில் அன்று மத்தியானம் வறுத்தது சீலா மீன்.

அனுசியா சண்டை போடவில்லை. சோதித்துப் பார்த்தாள். மெல்வின் கடலுக்குப் போன நாளெல்லாம் வீட்டில் ரசமும் துவையலும்தான். ஜெனரேட்டர் நின்றது. பொறுமை போய், ஒரு நாள் தெருவே மணக்க நெத்திலி பொரித்தாள். அன்று வண்டி சாயங்காலம்வரை நிற்கவே இல்லை.

“இன்னைக்கு எப்படி நிக்கல?” என்று கேட்டாள், பொரித்த மீனை அவன் தட்டில் வைத்தபடி.

“தெரியல. கடலு குளம் மாதிரி கெடந்துச்சு.”

“நின்ன நாள்ல?”

“அலை இருந்துச்சு. டியூப இழுக்க எல்லாரும் ஒரு பக்கமா வந்துருவானுவ. வள்ளம் சாயும்.” மெல்வின் மீன் முள்ளைத் துப்பினான். “என்னளா பாக்க?”

“ஒண்ணுமில்ல. சாப்புடுங்க.”

மறுநாள் அவள் காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஹாஜரா பீவி பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறார். எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் வண்டி நின்றதாகப் பேச்சு இல்லை. நின்றிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் விட்டிருக்க மாட்டார்கள்.

“லாத்தா, ஜெனரேட்டர் சாஞ்சா நிக்குமா?”

“ஆயில் கொறஞ்ச வண்டின்னா நிக்கும். உள்ள ஒரு சுவிச்சு இருக்கும்மா. ஆயில் கீழ போச்சுன்னா கரண்ட்ட வெட்டிரும். இல்லாட்டி இன்ஜின் வெந்துபோவும். பாதி ஆயில் கெடந்தா நேரா நிக்கையில ஓடும், சாஞ்சா ஆயில் ஒரு பக்கமா போயிரும், நின்னுரும். ஆயில் எப்பப் பாத்திய?”

“பாக்க முடியாது. மூடில நூல் கட்டியிருக்கு.”

ஹாஜரா பீவி சிரித்து முடிக்கும்வரை அனுசியா காத்திருந்தாள்.

“அந்த கடல்கட்டியா? அவரு பந்தலுக்கு ஜெனரேட்டர் நாந்தான் குடுக்கேன். ஒவ்வொரு தடவையும் ஆயில் மாத்தி, அளவு காட்டித்தான் வண்டிய ஏத்தணும்பாரு. ஒரு நாளு கேட்டேன், ஏன் அண்ணாச்சி, இதுக்கு ஒரு நூல் கட்டிக்கப்பிடாதான்னு. அவரு மொகம் போன போக்கப் பாக்கணுமே.”

சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை ஆழமான இடத்துக்குப் போவதாக வேல்ராஜ் முடிவு செய்திருந்தார். புதுக் கட்டுப் போட ஜெனரேட்டரை இறக்கியிருந்தார். கிருபாநிதி துணிக்குள் போய் வந்தார். புது நூல், புது மெழுகு. வண்டி ஓடியது. அதில் மாட்டியிருந்த குண்டு பல்பு எரிந்தது. குலவை அடங்கியதும் அனுசியா முன்னால் வந்தாள். கையில் அடுப்புக்கு வைத்திருந்த ஒரு விறகுக் கட்டை. பின்னால் மெல்வின், ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்ற முகத்தோடு.

“ஐயா, கட்டியாச்சா? இனி நிக்காதா?”

“கடலே கவுந்தாலும் நிக்காது” என்றார் கிருபாநிதி மைக்கில்.

“கடல் எதுக்கு ஐயா” என்று சொல்லி, அனுசியா கட்டையை ஜெனரேட்டரின் ஒரு பக்கத்துக்கு அடியில் செருகினாள். வள்ளம் சாய்கிற அளவுக்கு அது சாய்ந்தது. கொஞ்ச நேரம் இருமியது. பல்பு அணைந்தது.

கூட்டம் எக்கிப் பார்த்தது. அவள் கட்டையை உருவி, வண்டியை இழுத்துவிட்டாள். பல்பு எரிந்தது. கட்டையை வைத்தாள். அணைந்தது.

“பொம்பள கை பட்டுட்டு” என்றார் கிருபாநிதி.

“அப்ப நீங்க வைங்க.”

“வைங்க ஐயா” என்றது கூட்டத்தில் ஒரு குரல். நம்பிக்கையோடுதான் சொன்னது. வேறு வழியில்லாமல் அவரே வைத்தார். கடல்கட்டிப் பரம்பரையின் கைக்கும் பல்பு மரியாதை கொடுக்கவில்லை.

“கட்டையில தோசம் இருக்கு. இது சுடுகாட்டு வெறகு.”

“அப்படியா” என்றாள் அனுசியா. “இதே கட்டைய ஒங்க வண்டிக்கு வச்சா அதுவும் நிக்கணும்லா?”

பந்தலுக்குப் பின்னால் அவருடைய மைக்குக்கும் விளக்குக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டு ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை சனிக்கிழமைகளில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது எல்லாரும் போனார்கள். அதன் மூடியில் நூல் இல்லை. மெழுகு இல்லை. எலுமிச்சம்பழ விதைகூட இல்லை. அனுசியா கட்டையை அடியில் செருகினாள். வண்டி சாய்ந்தது. பந்தல் விளக்கு ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை.

விளக்கு அணையவில்லை என்றால் மைக்கும் அணையவில்லை. முன்னால் தனியாக விடப்பட்ட கிருபாநிதி தன் ஆளிடம் ரகசியமாகச் சொன்னது கடற்கரை முழுக்கக் கேட்டது.

“ஏலே, காணிக்கைப் பெட்டிய எடுத்து வேன்ல வையி. சத்தம் போடாம வையி.”

இவ்வளவு தெளிவாக அவர் இதுவரை அருள்வாக்கு சொன்னதில்லை.

கருப்பட்டி வியாபாரி குட்டியானையை வழியின் குறுக்கே நிறுத்தினார். குடையும் கையுமாக இருந்தார். அனுசியா பந்தல் ஜெனரேட்டரை நிறுத்தி, கட்டையை உருவி, மூடியைத் திருகி எடுத்தாள். மூடியோடு ஒட்டிய அளவுக் குச்சியில் ஆயில் மேல் கோடுவரை தேன் நிறத்தில் மின்னியது. பிறகு வேல்ராஜின் ஜெனரேட்டருக்கு வந்தாள். இடுப்பிலிருந்து மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து மெல்வினிடம் நீட்டினாள்.

“கீழ எறங்குறது நீங்க. நீங்களே அறுங்க.”

“வேண்டாம்ல, வள்ளம் போயிரும்” என்றார் வேல்ராஜ். மெல்வின் கடலைப் பார்த்தான். நூலைப் பார்த்தான். கத்தியை வாங்கினான்.

“அண்ணாச்சி, நூல் இருக்கையிலயே ரெண்டு தடவ செத்துப் பொழச்சேன். இல்லாம ஒருக்கா பாப்போம்.”

அறுத்தான். கடல் எப்போதும் போல ஒரு அலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதற்கு வேறு வேலை இருந்தது.

குச்சியை எடுத்தார்கள். நுனியில் மட்டும் தார் போலக் கொஞ்சம் கறுப்பு. கேனில் இருந்தது பெட்ரோல் பங்க்கில் எல்லாருக்கும் விற்கிற சாதாரண இன்ஜின் ஆயில். கோடுவரை ஊற்றி, மூடி, இழுத்துவிட்டு, கட்டையைச் செருகினாள். பல்பு எரிந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எரிந்துகொண்டே இருந்தது.

ஆட்டோ ஓட்டும் செல்வதுரை பழுப்புப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தான். “ஏழு கடல் எண்ணெயாம். இது என் ஆட்டோவுக்கு ஊத்துத ஆயிலு. கரண்டிக் கணக்குல ஊத்தியிருக்காரு. முழுசா ஊத்தினா மறுபடி எவன் வருவான்?”

“சொல்லுங்க ஐயா, ஆயில்தான் கொறச்சல்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?” என்று கேட்டார் வேல்ராஜ்.

கிருபாநிதி தலையைக் குனிந்துகொண்டார். “தெரியும் அண்ணாச்சி. செல்போன் உறைல என்ன கெடைக்கும்?”

யாரும் அவரை அடிக்கவில்லை. அதைவிட நல்ல யோசனை கருப்பட்டி வியாபாரிக்கு வந்தது. காணிக்கைப் பெட்டியை உடைத்து ஆயில் வாங்கிவரச் சொன்னார்கள். வரிசை அப்படியே இருந்தது. கடல்கட்டியும் அதே இடத்தில் இருந்தார். வேலை மட்டும் மாறியது. தான் கட்டிய நூல்களையெல்லாம் தானே அறுத்து, தானே கோடுவரை ஆயில் ஊற்றினார். கறுப்புத் துணியைக் கை துடைக்கக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் பந்தலும் இல்லை, ஆளும் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் உறை வாங்குகிறவர்கள் ஒருமுறை தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஜனங்கள் முடிய விடவில்லை.

மணலில் விட்டுவந்த விறகுக் கட்டையை எடுக்க ஞாயிற்றுக்கிழமை அனுசியா போனாள். கட்டைக்கு மஞ்சள் பூசி, பூப் போட்டு, முன்னால் தேங்காய் உடைத்திருந்தார்கள். கருப்பட்டி வியாபாரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“அம்மா, இந்த சக்தியுள்ள கட்டைய ஒரு வாரம் உடன்குடிக்குக் கொண்டுபோய் வச்சிருந்து தாரேன்.”

அனுசியா அவரைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். பூவை உதறிவிட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

திங்கட்கிழமை அலை இருந்தது. வள்ளம் இஷ்டத்துக்குச் சாய்ந்தது. மெல்வின் ஆழத்தில் இருந்தான், டியூபில் காற்று வந்துகொண்டே இருந்தது. அதே நேரத்தில் கரையில் அனுசியா அந்தச் சக்தியுள்ள கட்டையைப் பிளந்து அடுப்பில் வைத்து, சட்டி நிறைய மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவன் சங்கு மூட்டையோடு வந்து, கை கழுவாமலே பொரித்த மீன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஆயில் குறைந்தால் இயந்திரம் தானாக நின்று சொல்லிவிடுகிறது. மனிதன் அப்படி இல்லை. புத்தி வற்றிய பிறகும் மாலை போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டேதான் இருப்பான். ஆகவே ஐயாமார்களே, அம்மாமார்களே, எப்போதாவது உங்கள் மூடியையும் திறந்து அளவு பாருங்கள். அதில் யாராவது நூல் கட்டியிருந்தால் முதலில் நூலை அறுங்கள்.