மோதிரத்துக்குள் ஒரு நங்கூரம்

கப்பல் விவகாரம் அரைகுறையாகத் தெரிந்தவன் நகையின் உள்பக்கத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் என் கதிதான்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் குமாஸ்தா. தோணிக்காரர் மகள் ரெஜினாவுக்கும் எனக்கும் நிச்சயதார்த்தம். வருங்கால மாமனார் கொழும்பிலிருந்து வாங்கி வந்த மோதிரத்தை எல்லார் முன்னாலும் என் விரலில் போட்டார். லொடலொடவென்று இருந்தது. (அப்போது நான் அவ்வளவு ஒல்லி.) கழற்றி உள்ளே பார்த்தேன். ஒரு குட்டி நங்கூரம். பக்கத்தில் 9. அடுத்து 375.

நான் பார்த்த கப்பல் சாமான்களில் எல்லாம் நங்கூரமும் நம்பரும் உண்டு. ஆக, இது ஒன்பதாம் நம்பர் கப்பலின் முந்நூற்று எழுபத்தைந்தாவது சாமான். திருட்டு மோதிரம். சண்டைக் காலத்தில் கப்பல் சொத்தைத் தொட்டவனுக்குத் தூக்கா, தீவாந்தரமா என்பதுதான் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

"ஏலே, மூட்டைப்பூச்சி கடிக்கா? ஒரு இடத்துல இரி" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துத் துறைமுகப் போலீஸ் ஏட்டு உள்ளே வந்தார். (மாமனாரின் சிநேகிதர், விருந்துக்கு வந்தவர். எனக்கு எப்படித் தெரியும்?) சட்டென்று மோதிரத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டேன். அவர் நேராக என்னிடமே வந்தார்.

"மாப்ள எந்த ஆபீசு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மோதிரம் உள்ளே போய்விட்டது.

ஆளாளுக்கு முதுகில் அடித்தார்கள். "மோதிரத்த முழுங்கிட்டேன். அது கப்பல் சாமான் மாமா, நங்கூரம் போட்டிருக்கு" என்று அழாத குறையாக உளறினேன்.

மாமனார் தலையில் கை வைத்தார். "அது சீமையில அடிச்ச முத்திரை மாப்ள. நங்கூரம்னா பர்மிங்காம் ஊர்ல சோதிச்சதுன்னு அர்த்தம். ஒம்பதுன்னா ஒம்பது காரட்டு. ஆயிரம் பங்குல முந்நூத்தி எழுவத்தஞ்சு பங்கு தங்கம்."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே பட்டது. அம்மா எழுந்துவிட்டாள்.

"அப்பம் பாதிகூடத் தங்கம் இல்லையா? எம் மவன் என்ன அவ்வளவு மட்டமா? ஏலே, கெளம்பு."

எனக்கு ஜெயில் பயம் போய், ரெஜினா போய்விடுவாளே என்ற பயம் பிடித்துக்கொண்டது. அப்போது அடுப்பங்கரைக் கதவோரத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"போட்டு அரமணி ஆவல, முழுங்கிட்டாவ. இவியளுக்கு அசல் தங்கம் போட்டாக் கட்டுபடியாகுமா அத்தை?"

முதலில் ஏட்டு சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கெண்ணெய் புண்ணியத்தில் மறுநாள் மோதிரம் வந்து சேர்ந்தது. அதை மறுபடி தொட யாரும் முன்வரவில்லை, நானும்தான். கல்யாணத்தன்று மாமனார் எனக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டினார். "இது தொண்டையில எறங்காது" என்று மாதா கோயில் வாசலிலேயே ஊரறியச் சொன்னார். இன்றுவரை எங்கள் வீட்டு மாப்பிள்ளைகளுக்கு மோதிரம் கிடையாது, கடிகாரம்தான். ஏன் என்று கேட்கும் சம்பந்திமாருக்கு ரெஜினா காரணம் சொல்கிறாள், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.